அடுப்பங்கரை விருந்தாளி

முதலில் அந்த சூட்கேஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ் எழுதிக்கொண்டிருந்த காலம். ரூம் மேட்டாக நாகாலாந்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பரம சாது. கிதார் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவான். வாடகையில் தன் பங்கை ஒன்றாம் தேதியே கொடுத்துவிடுவான். (இந்த மூன்றாவது குணத்துக்காகவே அவனுக்குக் கோயில் கட்டலாம்!)

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவன், ராத்திரி பதினோரு மணிக்கு சூட்கேஸைத் திறந்தான். ஐந்தே நிமிஷம்தான். கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் வீட்டுக்காரர். கையில் ஒரு பக்கெட் தண்ணீர்.

"என்னப்பா எரியுது உள்ளே?"

எதுவும் எரியவில்லை. சூட்கேஸுக்குள் பேப்பரில் சுற்றி, கன்னங்கரேலென்று, பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டு நாலைந்து துண்டு பன்றிக்கறி. மூன்று வாரம் புகையில் தொங்கியதாம். வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. நாகா நண்பன் மட்டும் அசரவில்லை.

"எங்க வீட்டுல இது அடுப்புக்கு மேலே எப்பவும் தொங்கும் பிரதர். ஒரு தடவை வந்து பாரு. ஆனா புகைக்கு அழக் கூடாது!"

அழ மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அது தனிக் கதை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

* * *

அவன் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டான். நானும் வேலையை விட்டு, இப்படி எழுதிப் பிழைக்க வந்துவிட்டேன். ஒரு ஜனவரியில் கிளம்பினேன். டிசம்பரில் போயிருக்கலாம். முதல் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை கோஹிமா பக்கத்தில் ஹார்ன்பில் திருவிழா. 2000-ம் வருஷத்திலிருந்து நடக்கிறது. ஆனால் அந்தப் பத்து நாளில் லாட்ஜ் வாடகையைக் கேட்டால், புகை இல்லாமலே கண்ணில் தண்ணீர் வரும்.

கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நம் நாட்டிலேயே மிக அதிக தூரம் ஓடுகிற ரயில். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதில் சேலத்தில் ஏறினால், இரண்டு பகல் இரண்டு ராத்திரிக்கு மேல் உட்கார்ந்து, படுத்து, மறுபடி உட்கார்ந்து, திமாப்பூரில் இறங்கலாம். இறங்கும்போது முதுகு ரயில்வேக்குச் சொந்தமாகியிருக்கும்.

நாகாலாந்துக்குள் நுழைய, இந்தியர்களான நமக்கே இன்னர் லைன் பர்மிட் வேண்டும். 1873-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்; இன்னும் உயிரோடு இருக்கிறது. பர்மிட்டைக் காட்டிவிட்டு, ஷேர் சுமோவில் எழுபது கிலோமீட்டர் சொச்சம் மலையேறினால் கோஹிமா. 1944-ல் ஜப்பான் படையும் பிரிட்டிஷ்-இந்தியப் படையும் இங்கே ஒரு டென்னிஸ் கோர்ட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த இடம் இப்போது போர்க் கல்லறை. அங்கே ஐந்து நிமிஷம் நின்றால் போதும். பேச்சு வராது.

அங்கிருந்து இருபது கிலோமீட்டரில் கொனோமா. அங்காமி நாகர்களின் கிராமம். நண்பனின் வீடு அங்கேதான்.

* * *

"உள்ளே வா" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவைத் தேடினேன். முன்னறையில் சோபா இருந்தது. அதன் மேல் யாரும் இல்லை. நண்பன் நிற்காமல் என்னை நேரே பின்கட்டுக்கு இழுத்துப் போனான். தனியாக ஒரு பெரிய அறை. மண் தரை. நடுவில் மூன்று கல் நட்ட அடுப்பு. சுற்றி உயரம் குறைந்த முக்காலிகள்.

மொத்தக் குடும்பமும் அங்கேதான் இருந்தது. நண்பனின் அப்பா விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தங்கை மொபைல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு பூனை எல்லோரையும்விட நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்திருந்தது. எனக்கும் ஒரு முக்காலி போட்டார்கள். விருந்தாளிக்கு அடுப்புக்குப் பக்கத்தில்தான் இடமாம்!

அண்ணாந்து பார்த்தேன்.

அடுப்புக்கு நேர் மேலே, கூரை உத்தரத்திலிருந்து மூங்கில் பரண் தொங்குகிறது. ஒன்றல்ல, இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கின் அடியில் கம்பிக் கொக்கிகளில் வரிசையாகக் கறி. புதிதாக மாட்டியது சிவப்பு. ஒரு வாரமானது பழுப்பு. கிறிஸ்துமஸுக்கு வெட்டியது கறுப்பு. பார்த்தாலே எது எப்போது வெட்டியது என்று தேதி சொல்லிவிடலாம். மேல் அடுக்கில் மக்காச்சோளக் கதிர், விதைகள், ஈர விறகு, கூடை, முறம். ஒரு ஓரத்தில் ராஜா மிர்ச்சா மிளகாய். உலகத்தின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்று, 2008-ல் புவிசார் குறியீடு வாங்கியது. தொங்குகிறபோது அப்பாவி மாதிரிதான் இருக்கும்.

இவை எல்லாவற்றின் மேலும் தார் பூசியது போல் பளபளவென்று புகைக்கரி. புகைபோக்கி கிடையாது. புகை நிதானமாக மேலே ஏறுகிறது, கறியை விசாரிக்கிறது, சோளத்தை விசாரிக்கிறது, கூரை இடுக்கில் கொஞ்ச நேரம் தங்கி, மனமில்லாமல் வெளியே போகிறது.

"கறிக்கு உப்பு போட்டீங்களா அங்கிள்?" என்றேன்.

"எதுக்கு? புகை போதும்."

அவர் சொன்னதில் கெமிஸ்ட்ரி இருக்கிறது. விறகு புகையும்போது ஃபீனால், ஃபார்மால்டிஹைடு, சில அமிலங்கள் எல்லாம் கிளம்பி கறியின் மேல் படிகின்றன. கிருமிகளை வளர விடாமல் தடுக்கின்றன. கொழுப்பில் சிக்குவாடை வராமல் பார்த்துக்கொள்கின்றன. கீழேயிருந்து வரும் இளஞ்சூடு மெல்ல மெல்ல ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரமில்லாத இடத்தில் கிருமிக்கு என்ன வேலை? மாசக்கணக்கில் கெடாது. மழை விடாமல் கொட்டுகிற மலையில் வெயிலை நம்பிக் கருவாடு போட முடியுமா? அதனால்தான் வெயில் செய்கிற வேலையைப் புகையிடம் கொடுத்துவிட்டார்கள்.

இது நாகர்கள் மட்டும் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானில் பனி கொட்டுகிற அகிடா பகுதியில் முள்ளங்கியை வீட்டு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகையில் காயவைத்து ஊறுகாய் போடுகிறார்கள். ஷிரகாவா-கோ என்ற கிராமத்தின் பெரிய பெரிய கூரை வீடுகள் 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அங்கே தரையில் குழியடுப்பு. அதன் புகைதான் கூரை வைக்கோலையும் கட்டின கயிற்றையும் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு? குழம்பில் போடுகிற மாசி இருக்கிறதே, மாலத்தீவுச் சரக்கு, அதுவும் சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதான்.

* * *

நான் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்துப் பாஸானவன். ஆனாலும் பி.காம். புத்தி எங்கே போகும்? அடுப்பைப் பார்த்ததும் மனசுக்குள் வரவுப் பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஒரே விறகு. அதில் சோறு வேகிறது. அதே விறகில் கறி பதமாகிறது. அதே விறகில் சோளமும் விதையும் ஈர விறகும் காய்கின்றன. அதே புகை மூங்கிலையும் கூரையையும் உளுக்காமல் காக்கிறது. ஜனவரிக் குளிரில் ஆறு பேருக்குக் கதகதப்பு. ஃப்ரிட்ஜ் இல்லை, ஹீட்டர் இல்லை, கரண்ட் பில் இல்லை!

விறகு எங்கிருந்து? மறுநாள் காலையில் வயலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான் நண்பன். மலைச்சரிவெல்லாம் ஆல்டர் மரங்கள். ஆளுயரம் விட்டு மேலே வெட்டுகிறார்கள், அடியோடு வெட்டுவதில்லை. முண்டத்திலிருந்து மறுபடி கிளைகள் கிளம்புகின்றன. வேரில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. ஆக, மரம் வயலுக்கு உரம் போடுகிறது, வீட்டுக்கு விறகும் தருகிறது. நம் சர்க்கார் ஆபீஸில்கூட ஒரு ஆள் இரண்டு ஸீட் வேலை பார்க்க மாட்டார்.

இன்னொரு விஷயம். ஒரு காலத்தில் இந்தப் பரண்களில் காட்டு மிருகங்களும் தொங்கின. வேட்டைக்குப் பேர் போன ஊர். 1998-ல் ஊர்க்காரர்களே கூடி, காட்டில் ஒரு பகுதியை டிராகோபான் பறவைக்குச் சரணாலயமாக எழுதிவைத்து, வேட்டையை நிறுத்திவிட்டார்கள். 1879-ல் வெள்ளைக்காரனையே மாசக்கணக்கில் திணற அடித்த ஊர் இது. அப்படிப்பட்டவர்கள் ஒரு பறவைக்காகத் துப்பாக்கியைக் கீழே வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த பரணில் தொங்கியது வீட்டுப் பன்றி மட்டும்தான்.

ராத்திரி விருந்து. கறுத்த கறியை வெந்நீரில் கழுவி, துண்டு போட்டு, மூங்கில் குருத்தோடு வேகவைத்தார்கள். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, மசாலா இல்லை. நண்பனின் அம்மா ஒரு தட்டில் சோறும் கறியும் ராஜா மிர்ச்சா சட்னியும் வைத்தார். எங்கள் வீட்டில் ஆடு, கோழியோடு சரி. பன்றி பக்கம் போனதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டேன்.

முதலில் புகை. அப்புறம் கொழுப்பு. அப்புறம், எங்கேயோ எப்போதோ தெரிந்த ஒரு ருசி. என்னவென்று யோசிப்பதற்குள் சட்னியைத் தொட்டுவிட்டேன். அடுத்த பத்து நிமிஷம் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. பூனை பயந்து எழுந்து போனதாகச் சொன்னார்கள்.

* * *

அந்தக் களேபரம் அடங்கிய பிறகுதான் புகை கண்ணைப் பிடித்தது. காற்று திரும்பி, முழுப் புகையும் என் பக்கம் வந்தது. கண்ணைக் கசக்கினேன். இருமினேன். சத்தியம் காற்றில் போனது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ருசி எது என்று அப்போது பிடிபட்டுவிட்டது.

ராசிபுரம் பக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்பங்கரை. பருத்திமாரும் வரட்டியும் எரிகிற அடுப்பு. மேலே இங்கேயும் ஒரு பரண் உண்டு. பீர்க்கன் விதை, சுரை விதை எல்லாம் புகையில் தொங்கும். புகை பிடித்த பாலில் போட்ட காப்பிக்கு ஒரு வாசனை வரும். அதுதான் அந்த ருசி. அம்மா ஊதாங்குழலை வைத்து ஊதிக்கொண்டிருப்பாள். கண் எந்நேரமும் சிவந்திருக்கும். அப்பா திண்ணையில் பேப்பர் படித்தபடி குரல் கொடுப்பார்: "காப்பி என்ன ஆச்சு?" நான் கூடத்தில் ஹோம்வொர்க். புகை லேசாகக் கூடத்துக்கு வந்தால்கூட, "கதவைச் சாத்தும்மா, கண் எரியுது" என்று கத்துவேன். அவள் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து.

2007-ல் தமிழ்நாட்டில் அரசாங்கம் இலவச காஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்து, அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்கு இருபது வருஷத்துப் புகை உள்ளே போயிருந்தது. அப்புறம் ஒரு நாள் மூச்சிரைப்புக்காக டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "சிகரெட் பிடிக்கிறவங்களா?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. டாக்டர் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று நாலே எழுத்து எழுதினார். அன்றிலிருந்து இன்ஹேலர்.

2020-ம் வருஷம் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் வீட்டுக்குள் சூழ்ந்த அடுப்புப் புகையால் செத்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான் அடுக்கினேனே வரவுப் பக்கம்... அந்தக் கணக்கில் செலவுப் பக்கம் எழுதவே இல்லை. கறியைக் கெடாமல் வைக்கிற அதே புகைதான் நுரையீரலைக் கெடுக்கிறது. கறிக்கு உயிர் இல்லை, தாங்கும்.

கொனோமாவில் அவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். நண்பனின் தங்கை நர்ஸிங் படிக்கிறவள். "அம்மா, உங்க லங்ஸும் இந்தப் பரண்ல தொங்கற மாதிரிதான் ஆகும்" என்று தினம் சண்டையாம். முன்கட்டில் மேடை போட்டு காஸ் அடுப்பு வைத்தாகிவிட்டது. டீ, பருப்பு, அவசரச் சமையல் எல்லாம் அதில். ஆனால் கறிக்கும் ராத்திரிச் சோற்றுக்கும் மூன்று கல் அடுப்புதான்.

"ஏன் ஆன்ட்டி, முழுக்க காஸுக்கே மாறிடலாமே?"

அவர் காஸ் இருந்த திசையைப் பார்த்தார். அப்புறம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"காஸ் அடுப்பு முன்னாலே நின்னுதான் சமைக்கணும். தனியா நிக்கணும். யாரும் வந்து உக்கார மாட்டாங்க."

நான் பதில் சொல்லவில்லை. நண்பன் புது வீட்டுக்குப் பேப்பரில் போட்ட பிளானைக் காட்டினான். சிமெண்ட் வீடு, டைல்ஸ் கிச்சன். பின்னால் தனியாக அடுப்பறை. இந்தத் தடவை உயரமான கூரை, எதிரெதிரே இரண்டு ஜன்னல், பரணுக்கு மேலே தகரத்தில் புகைபோக்கி. கறிக்கு வேண்டிய புகை கறிக்கு, மீதி வெளியே. தங்கை சொல்லித் திருத்தின பிளான். அப்பாவுக்கு அரை மனசு. "புகை சீக்கிரம் போயிட்டா கறிக்கு ருசி வருமா?" என்கிறார். பிளான் இன்னும் பாஸாகவில்லை.

நாகா வீடுகளில் பெண்களுக்கு வேலை குறைச்சல் என்று நான் சொல்ல வரவில்லை. காலையில் முதுகில் கூடையோடு வயலுக்கும் விறகுக்கும் போகிற பெண்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஒன்று. நான் தங்கிய நாலு நாளும் அந்த அடுப்பறையில் அவர் தனியாக இருந்து நான் பார்க்கவில்லை. விறகு தள்ள ஒருவர், கறி நறுக்க ஒருவர், கதை சொல்ல ஒருவர், ஒன்றுமே செய்யாமல் உட்கார அந்தத் தாத்தா. புகை வந்தால் எல்லோர் கண்ணிலும் வந்தது. யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

* * *

ஊருக்குத் திரும்பி வீட்டுக்குள் நுழைந்தேன். ரயிலில் அத்தனை நேரம் வந்தும், பையில் இருந்த சட்டைகளில் புகை வாசனை போகவில்லை. (கம்பார்ட்மெண்டில் எதிர் ஸீட்காரர் கவுஹாத்தியிலேயே மேல் பெர்த்துக்குக் குடியேறிவிட்டார்.) அம்மா துவைக்கப் போட பையைத் திறந்தவள், ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"எவ வீட்டு அடுப்படியிலடா படுத்திருந்தே?"

எல்லாவற்றையும் சொன்னேன். டென்னிஸ் கோர்ட்டு யுத்தம், துப்பாக்கியைக் கீழே வைத்த ஊர், நைட்ரஜன் கொடுக்கிற மரம், பன்றிக்கறி... (கடைசி ஐட்டத்துக்கு மட்டும் "சிவ சிவா!"). எல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க ஆம்பளைங்களும் அடுப்படியில வந்து உக்காருவாங்களா?"

"உக்காருவாங்கம்மா. எல்லாரும்."

அம்மா சட்டையை மடித்து வைத்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. திண்ணையிலிருந்து குரல் வந்தது: "காப்பி என்ன ஆச்சு?"

"அடுத்த தடவை போறப்போ," என்றாள் அம்மா, "உங்கப்பாவையும் கூட்டிட்டுப் போ."

நான் கூடத்திலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பால் கொதிக்க இன்னும் நேரமிருந்தது.